ஸ்பானியச் சொற்களும் ஆங்கிலப் பொருளும்: கொழும்புத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஸ்பானிய மொழி படிக்கிற தமிழர் எல்லோரும் ஏறக்குறைய ஆங்கில வழியாகத்தான் படிக்கிறார்கள். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில், செயலி ஆங்கிலத்தில், கையில் இருப்பதும் ஸ்பானிய-ஆங்கில அகராதி. வெள்ளவத்தையில் என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளும், ஹோட்டலிலும் சுற்றுலா வாகனத்திலும் வேலை செய்கிற பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலை உங்கள் அகராதியில் பார்த்து, ஒலியைக் காதால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொப்பியில் ஸ்பானியச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பொருளை எழுதவா, தமிழ்ப் பொருளை எழுதவா?

இரண்டையும் எழுதுங்கள், ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்று நினைக்க வேண்டாம். சொல்லின் உருவம் மனதில் நிற்க ஆங்கிலம் உதவும். அந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி நடக்கிறது என்று விளங்கத் தமிழ்தான் பல இடங்களில் உதவும். ஆங்கிலத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவர்கள், வீட்டிலேயே இருக்கிற விளக்கத்தை விட்டுவிட்டு வெளியே தேடுகிறார்கள்.

'குஸ்தார்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியில் 'லைக்' என்று போட்டிருக்கும். அதை நம்பி 'நான்' என்ற எழுவாயோடு வாக்கியம் தொடங்கினால் பிழையாகிவிடும். 'மே குஸ்தா எல் தே' என்பதுதான் சரி. ஆங்கில வழியில் படிக்கிறவருக்கு இதை விளக்க ஒரு பாடமே வேண்டும். நமக்கு ஒரு வரி போதும்: 'எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும்'. மே என்றால் எனக்கு. பிடிக்கிற பொருள்தான் எழுவாய். அதனால் மாம்பழங்கள் பிடிக்கும் என்னும்போது வினையும் பன்மையாகி 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்' ஆகிறது.

'மே துவேலே லா கபேசா' என்பது 'எனக்குத் தலை வலிக்கிறது'. 'மே பரேசே' என்பது 'எனக்குப் படுகிறது'. ஆங்கிலத்தில் 'நான்' நிற்கிற இந்த இடங்களில் ஸ்பானியமும் தமிழும் 'எனக்கு' என்கின்றன. இப்படிப்பட்ட வினைகளுக்குத் தமிழ்ப் பொருளையே முதலில் எழுதுங்கள்.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. பசிக்கிறது என்பதற்கு ஸ்பானியர் 'தெங்கோ ஆம்ப்ரே' என்பார்கள், அதாவது பசியை வைத்திருக்கிறேன். வயதையும் அதே வினையால்தான் சொல்வார்கள். இதற்கு ஆங்கிலமும் உதவாது, தமிழும் உதவாது. அப்படியே பாடமாக்க வேண்டியதுதான்.

ஆங்கிலம் ஓரளவு தெரியும். அதை வைத்து எவ்வளவு சொற்களைச் சும்மா பிடித்துக்கொள்ளலாம்?

நிறைய. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் படித்தவர்களின் எழுத்து வழியாகவும் லத்தீன் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாக வந்தன. ஸ்பானியமோ லத்தீனிலிருந்தே பிறந்த மொழி. அதனால் இரண்டிலும் ஒரே சொல் சட்டை மாற்றி நிற்கும்.

ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடிகிறவை ஸ்பானியத்தில் பெரும்பாலும் 'சியோன்' ஆகும்: நேஷன் நசியோன் ஆகிறது, இன்ஃபர்மேஷன் இன்ஃபொர்மசியோன் ஆகிறது. 'இட்டி' என்று முடிகிறவை 'தாத்' ஆகும்: யுனிவர்சிட்டி உனிவெர்சிதாத். 'அஸ்' என்பது 'ஓசோ': ஃபேமஸ் ஃபமோசோ. வினையடையில் வரும் 'லி' என்ற ஈறு 'மெந்தே'.

இவற்றைத் தனித்தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஈற்றைப் படித்துவிட்டு, நாளேட்டில் கண்ணில் படுகிற ஆங்கிலச் சொற்களை மாற்றிப் பாருங்கள், அப்புறம் அகராதியில் சரிபாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த வழியில் கிடைப்பவை அலுவலகச் சொற்களும் செய்தித்தாள் சொற்களும்தான். சோறு, கரண்டி, தூக்கம், கதவு போன்ற வீட்டுச் சொற்கள் இப்படி வராது. அவற்றுக்குத்தான் உங்கள் நேரம் போக வேண்டும்.

ஒரே மாதிரித் தெரிந்தும் வேறு பொருள் தரும் சொற்கள் எவை?

இதில்தான் மானம் போகும். முதலில் 'எம்பராசாதா'. 'எம்பரஸ்ட்' மாதிரி கேட்கும், ஆனால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். 'எக்சித்தோ' வெளியேறும் வழி இல்லை, வெற்றி. வெளியேறும் வழிக்குப் பெயர் 'சலீதா'. 'கோன்ஸ்திபாதோ' என்று விருந்தாளி சொன்னால் மலச்சிக்கல் என்று மருந்து தேடி ஓடாதீர்கள். ஸ்பெயினில் அது பெரும்பாலும் தடிமன் பிடித்திருக்கிறது என்பதுதான். ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

'ரோப்பா' கயிறு இல்லை, உடுப்பு. 'கார்பேத்தா' தரைவிரிப்பு இல்லை, கோப்பு உறை. 'லிப்ரேரியா' புத்தகக் கடை, நூலகத்துக்கு 'பிப்லியோதேக்கா'. 'அசிஸ்தீர்' பெரும்பாலும் கூட்டத்துக்கோ வகுப்புக்கோ சமூகமளிப்பது. 'அக்துவால்மெந்தே' என்றால் தற்போது. 'சென்சீப்லே' என்பவர் விவேகி இல்லை, மனம் எளிதில் இளகுகிறவர். 'பரியெந்தே' தாய் தகப்பனை மட்டும் குறிக்காது, எந்தச் சொந்தக்காரரையும் குறிக்கும்.

நமக்கென்று தனியாக ஒரு பொறியும் இருக்கிறது: 'சோப்பா'. ஆங்கிலச் சோப்பும் தமிழ்ச் சோப்பும் சேர்ந்து இழுக்கும். ஆனால் அது சூப். சவர்க்காரத்துக்கு 'ஹபோன்' என்று கேளுங்கள்.

இவற்றைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் தனியாக எழுதி, ஆங்கிலப் பொருளை எழுதாமல் தமிழ்ப் பொருளை மட்டும் எழுதச் சொல்வேன். ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் பார்த்தால் அந்தத் தவறான சோடி இன்னும் இறுகிவிடும்.

போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் ஸ்பானியம் படிக்க உதவுமா?

உதவும், அதுவும் இந்தியத் தமிழரைவிட இலங்கைத் தமிழருக்குக் கூடுதலாக உதவும். 1505இல் போர்த்துக்கேயர் இங்கே வந்தார்கள். 1656இல் ஒல்லாந்தரிடம் கொழும்பை இழந்தார்கள். அந்தக் காலத்துச் சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் லத்தீனில் பிறந்த அக்கா தங்கை மாதிரி என்பதால், பல சொற்கள் ஸ்பானியத்திலும் அப்படியே கேட்கும்.

காலையில் கடையில் பாண் வாங்குகிறீர்கள். ஸ்பானியத்திலும் 'பான்'தான். மேசை 'மேசா'. சப்பாத்து 'சபாத்தோ'. குளித்துவிட்டுத் துடைக்கிற துவாய் 'தோஆயா'. உட்காருகிற வாங்கு 'பாங்கோ', காசு போடுகிற வங்கிக்கும் அதே சொல். அலுமாரி 'அர்மாரியோ', பொத்தான் 'பொத்தோன்'. சிங்களம் பேசத் தெரிந்தால் இன்னும் லாபம்: கமிசய 'கமீசா' ஆகிவிடும். ஆங்கிலப் பொருளே தேவையில்லாமல் வீட்டு அறையில் நின்று இத்தனையையும் படித்துவிடலாம். வகுப்பில் முதல் நாளே பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் பயம் போய்விடும்.

எல்லாம் பொருந்தாது. கதிரை என்பது போர்த்துக்கேயக் 'கதெய்ரா'. ஸ்பானியத்தில் 'கதேரா' என்றால் இடுப்பு எலும்புப் பக்கம். உட்காரக் கேட்க வேண்டுமானால் 'சீயா'. பேனாவும் போர்த்துக்கேயர் தந்ததுதான், ஆனால் ஸ்பானியத்தில் 'பேனா' என்றால் துக்கம். எழுதுகிற பேனைக்கு 'பொலீக்ரஃபோ'. சன்னல் 'பெந்தானா', சாவி 'யாபே'. இவை வேறாகத்தான் இருக்கின்றன.

மறுபக்கம், நம்மிடமிருந்து போனவையும் உண்டு. கட்டுமரம் ஆங்கிலம் வழியாகப் போய் 'கதமரான்' ஆயிற்று. கறி 'குர்ரி' ஆயிற்று. மாங்காய் போர்த்துக்கேயம் வழியாகப் புறப்பட்டு 'மாங்கோ' ஆயிற்று.

எஸ்தே, எசே, அக்கேல் மூன்றுக்கும் வித்தியாசம் விளங்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டுதானே?

ஆங்கிலத்தில் இரண்டு. யாழ்ப்பாணத் தமிழில் மூன்று! இது, உது, அது. பேசுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது இது, கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பது உது, இருவருக்கும் தூரத்தில் இருப்பது அது. 'எஸ்தே' இது, 'எசே' உது, 'அக்கேல்' அது. இடத்துக்கும் அப்படியே: இங்கை 'அக்கீ', உங்கை 'அஈ', அங்கை 'அய்யீ'.

அகராதி 'எசே', 'அக்கேல்' இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போடும். தமிழகத்தில் உகரச் சுட்டு பேச்சில் மறைந்துவிட்டது. நம் பாட்டிமார் 'உதென்ன கையிலை?' என்று இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை ஸ்பானியத்தில் கேட்டால் 'எசோ' என்றுதான் வரும். கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் 'உது' சொல்லக் கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பாடம் முடிந்ததும் அம்மம்மாவோடு அரை மணி நேரம் பேசிவிட்டு வரச் சொல்வேன்.

'சேர்', 'எஸ்தார்' இரண்டுக்கும் அகராதியில் ஒரே பொருள்தான் இருக்கிறது. எதை எங்கே போடுவது?

'எஸ்' என்பது சேரின் வடிவம், 'எஸ்தா' என்பது எஸ்தாரின் வடிவம். 'எஸ் லீஸ்தோ' என்றால் கெட்டிக்காரன். 'எஸ்தா லீஸ்தோ' என்றால் தயாராக இருக்கிறான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை. தமிழைப் பாருங்கள்: முதலாவதில் வினையே இல்லை, இரண்டாவதில் 'இருக்கிறான்' வருகிறது. 'அவர் ஆசிரியர்' வினையில்லாமல் நிற்கும், அது சேர். 'அவர் வீட்டில் இருக்கிறார்', அது எஸ்தார். தொடக்கத்தில் இந்த உரைகல் பல இடங்களில் சரியாக வரும். 'அழகாக இருக்கிறாள்' போன்ற இடத்தில் ஏமாற்றும். அது அவளுடைய இயல்பு என்றால் சேர்தான். விழாவோ கூட்டமோ எங்கே நடக்கிறது என்பதற்கும் சேர்தான் வரும்.

மேசைக்கு ஏன் பெண்பால்? இதை எப்படி நினைவில் வைப்பது?

காரணம் தேடாதீர்கள். தமிழில் மேசை அஃறிணை, ஆங்கிலத்திலும் பால் இல்லை, ஆகவே எந்த மொழிப் பொருளும் இதைச் சொல்லித்தராது. சொல்லைத் தனியாக எழுதவே கூடாது. பெண்பாற் சொல்லுக்கு முன் 'லா', ஆண்பாற் சொல்லுக்கு முன் 'எல்' வரும். 'மேசா' என்று எழுதாமல் 'லா மேசா' என்று எழுதுங்கள், வாயாலும் அப்படியே சொல்லுங்கள்.

'ஓ'வில் முடிவது ஆண்பால், 'ஆ'வில் முடிவது பெண்பால் என்பது பெரும்பாலும் சரி. சியோன், தாத் ஈறுகள் பெண்பால். பிழை விடுகிற இடங்கள் சில: கை 'லா மானோ', நாள் 'எல் தீயா', வரைபடம் 'எல் மாப்பா'. கிரேக்கத்திலிருந்து வந்து 'மா'வில் முடிகிறவை ஆண்பால்: எல் ப்ரொப்லேமா, எல் சிஸ்தேமா, எல் க்லீமா.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கலாமா?

முதல் சில வாரங்களுக்கு எழுதலாம், அதற்குமேல் வேண்டாம். ஆனால் தமிழ் வாய் ஸ்பானியத்துக்குத் தோதான வாய். ஆங்கிலத்தில் படித்துப் பழகியவர்கள் தக்காளியை 'டொமாட்டே' என்கிறார்கள். ஸ்பானியத்தில் நாக்கு பல்லைத் தொடும், 'தம்பி'யில் வரும் த போல: 'தொமாத்தே'. 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'நாதா'வில் வருவது 'அது'வில் நாம் மெதுவாகச் சொல்கிற த. ஸ்பெயினின் பெயரான எஸ்பாஞாவில் வரும் ஒலிக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்தே இல்லை, நம்மிடம் ஞ இருக்கிறது. கவனிக்க வேண்டியது ரகரம்தான். 'பேரோ' ஒரு தட்டில் முடிந்தால் 'ஆனால்', நாக்கு உருண்டு அதிர்ந்தால் 'நாய்'.

ஸ்பெயின் சொல்லைப் படிப்பதா, தென்னமெரிக்கச் சொல்லைப் படிப்பதா?

யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகஸ்ட் விடுமுறையில் இங்கே வருகிற ஸ்பெயின்காரரோடு வேலை என்றால் அவர்கள் வழக்கு. உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பத்தாத்தா', அத்லாந்திக்குக்கு அப்பால் 'பாப்பா'. பழச்சாறு ஸ்பெயினில் 'சூமோ', அத்லாந்திக்குக்கு அப்பால் 'ஹூகோ'. கார் ஸ்பெயினில் 'கோச்சே', மெக்சிக்கோவிலும் கொலம்பியாவிலும் 'கார்ரோ', ஆர்ஜென்ரீனாவில் 'அவுத்தோ'. யாழ்ப்பாணத்துக் கதிரையை மதுரையில் நாற்காலி என்பதை அறிந்த நமக்கு இது புதுமையில்லை. ஒன்றைப் பேசப் பழகுங்கள், மற்றதைக் கேட்டால் விளங்கிக்கொள்ளுங்கள்.

வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பஸ் 'பிடிப்பதற்கு' ஸ்பெயினில் 'கொஹேர்' என்பார்கள். மெக்சிக்கோவிலும் ஆர்ஜென்ரீனாவிலும் அது கெட்ட வார்த்தை. 'தொமார்' என்று சொல்லிவிட்டால் எங்கும் பிரச்சினை இல்லை.

எந்த அகராதி வாங்கலாம்? மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் கிடைப்பது போதுமா?

கையடக்க ஸ்பானிய-ஆங்கில அகராதி எதுவானாலும் தொடங்கப் போதும். மருதானையில் வாங்குவதென்றால் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 1994க்கு முன் வந்தவற்றில் 'ச' ஒலிக்குரிய இரட்டை எழுத்தும் (சி-எச்), 'ய' ஒலிக்குரிய இரட்டை எழுத்தும் (எல்-எல்) தனித்தனிப் பகுதிகளாக இருக்கும். அதனால் 'சீக்கோ' என்ற சொல்லைத் தேடினால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் இராது, 'சி' எழுத்துப் பகுதி முழுவதும் முடிந்த பிறகு வரும். அகராதி குறைபாடு இல்லை, பழைய வரிசை.

கொஞ்சம் முன்னேறியதும் ஸ்பானியத்துக்கு ஸ்பானியப் பொருள் தரும் அகராதிக்குப் போங்கள். 1713இல் தொடங்கிய ஸ்பானிய அரச அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்?

வேலைக்குப் போகிறவருக்குப் பத்து நிறைய. புதுச் சொல்லைவிடப் பழைய சொல்லைத் திருப்பிப் பார்ப்பதுதான் முக்கியம். சொல் எழுதிய அட்டைகளைப் பெட்டியின் அறைகளில் பிரித்து, தெரிந்ததை நாள் கழித்தும் தெரியாததை உடனேயும் பார்க்கிற முறையை 1970களில் செபஸ்தியான் லைட்னர் பிரபலமாக்கினார். அங்கி என்ற செயலியும் அதே அடிப்படையில்தான் ஓடுகிறது. 100ஆம் இலக்க பஸ்சில் காலி வீதி நெரிசலில் நிற்கும்போது பார்க்க நல்லது.

அட்டையில் ஒற்றைச் சொல்லையும் ஒற்றை ஆங்கிலப் பொருளையும் போட வேண்டாம். என் மாணவியின் அட்டை ஒன்று இப்படி இருக்கிறது. முன்பக்கம்: 'எனக்கு இந்தச் சப்பாத்துப் பிடிக்கேல்லை.' பின்பக்கம்: 'நோ மே குஸ்தான் எஸ்தோஸ் சபாத்தோஸ்.' இந்த ஒரு வரியில் சப்பாத்தும், 'எனக்குப் பிடிக்கும்' அமைப்பும், சுட்டும், பன்மையும், ஆண்பாலும் வந்துவிட்டன. எதையும் சூத்திரமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

குர்ஆன் ஓதப் பழகிய அரபு உதவுமா?

உதவும். 711இலிருந்து 1492 வரை ஸ்பெயினின் பெரிய பகுதிகளோ சிறிய பகுதிகளோ முஸ்லிம் ஆட்சியில் இருந்தன. அரபுச் சுட்டு 'அல்' சொல்லோடு ஒட்டியே ஸ்பானியத்துக்குள் வந்தது: பருத்தி 'அல்கொதோன்', தலையணை 'அல்மொஆதா'. சீனி 'அசூக்கார்', எண்ணெய் 'அசேய்தே', அரிசி 'அர்ரோஸ்'. இவற்றில் லகரம் எங்கே போனது என்று ஓதத் தெரிந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை: அஸ்-ஸுக்கர், அஸ்-ஸைத், அர்-ருஸ். 'வரை' என்ற பொருளுள்ள 'அஸ்தா' அரபு 'ஹத்தா'. ஒன்று நடக்க வேண்டும் என்று ஆசைப்படும்போது சொல்கிற 'ஓஹலா'வுக்குள்ளும் இறைவன் நாடினால் என்ற அரபுத் தொடர் இருக்கிறது. ஆங்கிலம் இந்தச் சொற்களில் உங்களுக்குக் கொஞ்சம்தான் உதவும்.

உறவுமுறைச் சொற்களுக்கு என்ன செய்வது?

ஆங்கிலம் போலத்தான், மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் 'தீயோ'. அண்ணனும் தம்பியும் 'எர்மானோ', வயதைச் சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் 'மயோர்', 'மெனோர்' போட வேண்டும். ஆனால் சம்பந்திக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை, ஸ்பானியத்தில் இருக்கிறது: 'கோன்சுவேக்ரோ', பெண்ணானால் 'கோன்சுவேக்ரா'. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் அங்கே உண்டு: 'தூ', 'உஸ்தேத்'. வயதில் மூத்த விருந்தாளியிடம் உஸ்தேத்தில் தொடங்குங்கள். அவரே தூவுக்கு மாறச் சொன்னால் மாறலாம்.

சான்றிதழ் தேவை என்றால்?

ஸ்பெயினின் கல்வி அமைச்சு சார்பில் செர்வாந்தேஸ் நிறுவனம் வழங்கும் 'தேலே' பரவலாக ஏற்கப்படுவது. ஆறு நிலைகள் உண்டு. சான்றிதழ் காலாவதியாவதில்லை. எந்த ஊரில் எந்தத் திகதியில் எழுதலாம் என்பதை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் பார்த்து உறுதிப்படுத்திவிட்டு வகுப்புக்குக் காசு கட்டுங்கள். பரீட்சைக்குச் சொற்பட்டியலை மட்டும் பாடமாக்கிப் போகாதீர்கள். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் அதில் உண்டு, பேச்சுப் பகுதியில் ஆங்கிலத்தில் யோசித்து மாற்றிச் சொல்ல நேரம் கிடைக்காது.